எஸ்தருக்கு நான் அடித்த இரண்டாவது மணி

கண்ணு,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நான் திருத்த வேண்டிய தப்பு ஊர் பூராவும் ஒட்டியிருக்கும்போது திருத்தத்தை மட்டும் உறைக்குள் போட்டு உனக்கு அனுப்புவது சரியாக இருக்காது. ரேஷன் கடைச் சுவர், பேருந்து நிழற்குடை, பால் சொசைட்டி வாசல் என்று எங்கே திரும்பினாலும் என் கையெழுத்து தொங்குகிறது. ‘டீச்சர் போட்ட மார்க்’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே மூன்று பெயர்கள், மூன்று எண்கள். இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வாக்குப்பதிவு. செவ்வாய்க்கிழமை நீ கோபித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி பஜாரில் உன் நண்பனுடைய அறைக்குப் போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தையும் ஒரு மூச்சில் எழுதவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் கேட்டைப் பார்க்கிறேன், அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகப் பொறுத்துக்கொள். ஊராட்சித் தலைவர் பதவிக்கு நம் ஊரில் மூன்று பேர் நிற்கிறார்கள். ராஜசேகர் என் பழைய மாணவன், இந்த வட்டாரத்துக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர், நீயும் அவன் அனுப்பித்தான் உருக்காலைக்கு வேலைக்குப் போகிறாய். இரண்டாவது ஆள் காதர் பாய். பழவேற்காட்டிலிருந்து வந்து நம் ஊரில் மளிகைக் கடை வைத்து, நம்மில் ஒருவராகிவிட்டவர். மூன்றாவது கிழக்குத் தெரு எஸ்தர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். நிலமெல்லாம் தொழிற்பேட்டையான பிறகு அவள் பழைய இரும்பு பிரிக்கிற யார்டில் வேலை பார்க்கிறாள். அவளும் ஏழாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள்தான். இந்த மூன்று பேரையும் ஒரே மேடையில் உட்காரவைத்துப் பேசச் சொல்வோம் என்று நூலகத்துப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். டிவியில் அப்படி ஏதோ பார்த்திருக்கிறார்கள். ‘டீச்சர், நீங்க நடுவரா உக்காந்தா ஒருத்தரும் வாய் தவற மாட்டாங்க’ என்றார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்று ஒரு வருஷமாக என்னை யாரும் எதற்கும் நடுவராகக் கூப்பிட்டிருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் நடந்தது. பேச்சுப் போட்டிகளுக்கு முப்பது வருஷமாக நான் எடுத்துப்போகிற பித்தளை மணியை மேசைமேல் வைத்தேன். முதலில் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பொதுவாகப் பேசினார்கள். பிறகு மூவருக்கும் ஒரே கேள்வி, பதிலுக்கு இரண்டு நிமிஷம். நேரம் முடியப்போகிறது என்று சொல்ல முதல் மணி, முடிந்தது என்று சொல்ல இரண்டாவது மணி. கேள்வியை நான்தான் படித்தேன். கிழக்குத் தெரு குழாயில் தண்ணீர் நிறம் மாறி வருகிறது. வடக்கே இருக்கிற உருக்காலை தன் விரிவாக்கத்துக்கு ஊராட்சித் தலைவரின் கையெழுத்தைக் கேட்டு நிற்கிறது. நீங்கள் தலைவரானால் முதல் மாதம் என்ன செய்வீர்கள்?

ராஜசேகர் எழுந்து ஒலிபெருக்கியைச் சரியாக ஒரு சாண் தள்ளிப் பிடித்தான். தண்ணீர் என்பது சலுகை அல்ல, உரிமை என்று ஆரம்பித்தான். குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறியது, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியது. கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தினான். மைதானமே அடங்கிவிட்டது. அப்புறம்தான் அந்த வரியைச் சொன்னான். முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில், அளந்து வைத்ததுபோல முடித்தான். நீ முன்வரிசையில் விசில் அடித்ததைப் பார்த்தேன். காதர் பாய் எழுந்து எல்லாருக்கும் சலாம் சொல்லி, ‘கவலப்படாதீங்கம்மா, எல்லாம் பண்ணிடலாம்’ என்றார். எப்படி பாய் என்று ஒரு பெண் கேட்டதற்கும் ‘பண்ணிடலாம்மா’ என்றுதான் சொன்னார். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார்.

எஸ்தர் எழுந்தபோது ஒலிபெருக்கியைத் தொடவே இல்லை. ஒரு துணிப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். ‘ஏன் இப்பிடி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது டீச்சர்’ என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். ‘கம்பெனியால ஆவுதா, பூமியே அப்பிடியா, நான் எப்பிடிச் சொல்றது. ஆனா ஒண்ணு எட்துக்கினு வந்துக்கிறேன்’ என்று பையின் வாயைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகிக்கிடந்தது. முதல் மணி அடித்தேன். அவள் குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். அதற்கும் சிரித்தார்கள். இரண்டாவது மணி அடித்தேன். எஸ்தர் என்னைப் பார்த்தாள். ‘சரி, உடுங்க டீச்சர்’ என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. பேச்சுப் போட்டிக்கு வைத்திருந்த பழைய மதிப்பெண் தாள் ஒன்று கிடந்தது. கருத்துக்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு, குரலுக்கு இவ்வளவு, நேரக் கட்டுப்பாட்டுக்கு இவ்வளவு என்று கட்டம் போட்ட தாள். யாரும் கேட்கவில்லை, நானாகவே உட்கார்ந்து போட்டேன். ராஜசேகருக்கு எண்பத்தெட்டு. பாய்க்கு அறுபத்தொன்று. எஸ்தருக்கு முப்பத்து நான்கு. இன்னும் ஒன்று போட்டிருந்தால் தேர்ச்சி. அந்த ஒன்றைத்தான் நேரத்துக்குள் முடிக்காததற்காகக் கழித்தேன். தெரியாது என்று பதில் சொன்னதற்குக் கருத்துக் கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுமே போடவில்லை. தாளை மடித்து டிவிக்குப் பக்கத்தில் நோட்டுக்குள் வைத்தேன். திங்கட்கிழமை அது அங்கே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கப் போனபோது சுவரில் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதைச் சுவரில் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. என் எழுத்து எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்றுதான் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவர் இன்னொருவரிடம், ‘டீச்சரே போட்டுக்கிறாங்கன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று சொன்னதைக் கேட்டு, பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் டீக்கடையிலிருந்து அந்தக் குரல் வந்தது. ‘டீச்சர், எஸ்தரக்கா பெயிலாமே. டுடோரியல்ல சேத்து உடலாமா?’ பால் பாத்திரத்தோடு திரும்பி நடந்து, எஸ்தருக்கு எதிரே நான் போட்டிருந்த எண்ணை மறுபடி படித்தேன்.

சாயங்காலம் நீ வந்ததும் கேட்டேன். நீ ஒளிக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. ‘ராஜசேகர் அண்ணன்கிட்ட காட்டத்தாம்மா எட்துக்கினு போனேன். அவரு ஜெராக்ஸ் போட்டாரு. இதுல இன்னா தப்பு? நான் ஒண்ணும் பொய்யா எழுதல, உன் கையெழுத்துதான அது?’ என்றாய். எனக்காக எழுதி வைத்ததைக் கேட்காமல் எடுக்கலாமா என்றேன். ‘நீதான சொல்லுவ, மார்க்குன்றது மறச்சு வைக்கிறது இல்ல, போர்டுல ஒட்றதுன்னு’ என்றாய். எத்தனையோ பிள்ளைகளிடம் நான் சொன்ன வாக்கியம்தான் அது. அது எனக்கே திரும்பி வந்த கோபத்தில் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். ‘ஆலையில பர்மனன்ட் ஆவறதுக்காகப் பெத்தவ நோட்டயே திருடுவியா’ என்றேன். நீ சாப்பிடாமல் கிளம்பினாய். தப்பு என்னுடையது. தாளை எடுத்தது உன் பிழை என்றால், அப்படி ஒரு தாளை எழுதியதே என் பிழை, உன்னுடையதைவிடப் பெரிய பிழை. இதைச் சொல்வதற்கே எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

புதன்கிழமை காலை கிழக்குத் தெருவுக்குப் போனேன். எஸ்தர் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும், ‘வாங்க டீச்சர். மார்க்கு ஷீட்ல அப்பா கையெழுத்து வாங்க வந்தீங்களா? எங்கப்பா செத்துப் பத்து வருசம் ஆவுது’ என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். பையில் என்ன இருந்தது எஸ்தர் என்றேன். அவள் உள்ளே போய் அதே பையை எடுத்துவந்தாள். முடிச்சு இந்தத் தடவை உடனே அவிழ்ந்தது. உள்ளே அவள் மகளுடைய பள்ளிச் சட்டை. ஜூன் மாதம் வாங்கிய வெள்ளைச் சட்டை, கண்ணு. டீயில் முக்கி எடுத்ததுபோல இருந்தது. ‘சோப்பு போட்டாலும் போவல, நீலம் போட்டா பச்சையாவுது. இதத்தான் ஊருக்குக் காட்டலாம்னு எட்துக்கினு வந்தேன்’ என்றாள்.

அதை என் கையில் வாங்கினபோது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு விளங்கவேண்டுமானால் திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைகளில் சீருடை பார்ப்பது என் பொறுப்பு. அழுக்குச் சட்டையோடு வருகிற பிள்ளைகளை வரிசைக்கு வெளியே, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். கடைசி இரண்டு மூன்று வருஷங்களில் அங்கே நின்றவர்கள் பெரும்பாலும் கிழக்குத் தெருப் பிள்ளைகள். ‘உங்க ஊட்லல்லாம் சோப்பே வாங்கறதில்லியா’ என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஏன் ஒரே தெருப் பிள்ளைகள் எல்லாருடைய சட்டையும் ஒரே நிறத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதைச் சொன்னாலும் செய்து பார்த்துத்தான் நம்பவேண்டும் என்று அறிவியல் பாடம் நடத்தியவள் நான். நாற்பது சட்டைகள் கண்ணெதிரே வரிசையாக நின்று ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கின்றன. எனக்கு அழுக்கு மட்டும் தெரிந்தது.

எஸ்தர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. ‘என் பொண்ணும் நின்னுதுதான், ஆனா அதச் சொல்லி உங்கள அசிங்கப்படுத்த எட்துக்கினு வரல’ என்று மட்டும் சொன்னாள். மதிப்பெண்ணைத் திருத்தி இன்னொரு தாள் ஒட்டட்டுமா என்று கேட்டேன். ‘வாணாம் டீச்சர். இன்னொரு பேஜாரு ஆயிடும். நீங்க பாஸ் போட்டா ஜனங்க ஓட்டு போட்டுருவாங்களா? அந்த மணிய எதுக்கு அப்பிடி அவசரமா அடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க’ என்றாள். அதற்கான பதிலை இந்தக் கடிதத்தில்தான் எழுதுகிறேன்.

ராஜசேகர் எட்டாம் வகுப்பு படித்தபோது மாவட்டப் பேச்சுப் போட்டிக்குத் திருவள்ளூர் கூட்டிப்போனேன். தலைப்பு தண்ணீரைப் பற்றியது. பேச்சை நான்தான் எழுதினேன். பிள்ளைகள் தாங்களே எழுத வேண்டும் என்பது விதி. நான் எழுதி, அவன் கையால் பார்த்து எழுதவைத்து, மனப்பாடம் செய்யவைத்தேன். ஒலிபெருக்கியை ஒரு சாண் தள்ளிப் பிடிக்கச் சொன்னதும் நான்தான். கடைசி வரிக்கு முன்னால் மனதுக்குள் மூன்று எண்ணு, கூட்டம் உன் வாயையே பார்க்கும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். பரிசு வாங்கித் திரும்பி வருகிறபோது வழியில் அவனைவிட நான்தான் அதிகம் சிரித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவன் நிறுத்தியபோது, நானும் உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருக்கிறேன். புதன்கிழமை கிழக்குத் தெருவிலிருந்து திரும்பி நடந்து வரும்போதுதான் அது ஞாபகம் வந்து நடுவழியில் நின்றேன். அந்த எண்பத்தெட்டு மதிப்பெண்ணை நான் எனக்கே போட்டுக்கொண்டிருக்கிறேன். என் கைவேலை அழகாக முடிந்த சந்தோஷத்தில், அடுத்து வந்தவள் முடிச்சோடு போராடியபோது, ஒரு நல்ல நிகழ்ச்சி கெடுகிறதே என்று பொறுமை இழந்தேன். இரண்டாவது மணியை அதனால்தான் அவசரமாக அடித்தேன், எஸ்தர். இதை நீயும் படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து ராஜசேகர் சொன்ன இரண்டு நிமிஷத்தையும் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். உரிமை வந்தது, உறுதி வந்தது, விடியல் வந்தது. முதல் மாதம் என்ன செய்வான் என்ற கேள்விக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கருத்துக்கு நான் போட்ட மதிப்பெண் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் கண்ணு, ஒரு பக்கம் சாய்ந்ததைத் திருத்துகிறேன் என்று மறுபக்கம் சாய்ந்தால் அதுவும் அதே தப்புதான். அதனால் மூன்று பேரையும் மறுபடி நிதானமாக நினைத்துப் பார்க்கிறேன். நீயும் என்னோடு சேர்ந்து பார்.

ராஜசேகர் கெட்டவன் இல்லை. உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று, ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வேனை நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்டு, பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன் அவன். அப்பா இரண்டு வருஷம் கூடுதலாக நம்மோடு இருந்தார் என்றால் அதில் அவனுக்குப் பங்கு உண்டு. எப்போது போன் செய்தாலும் எடுப்பான். எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று தெரியும். நம் தெருவில் பாதிப் பையன்கள் அவனால்தான் வேலைக்குப் போகிறார்கள். இதெல்லாம் சின்ன விஷயங்கள் இல்லை. அவனுடைய பலவீனமும் அதே வேன்தான். அது உருக்காலை வாசலில் போய் நிற்கிற வேன். அந்த ஆலைக்குக் கையெழுத்து மறுக்கவேண்டிய நாள் வந்தால், மறுநாள் காலை அவனுடைய ஆட்களை வாசலில் இறக்கிவிடுவார்களா என்று அவன் யோசிக்காமல் இருக்க முடியாது. அவன் இடத்தில் யார் இருந்தாலும் யோசிப்பார்கள். யோசித்து எந்தப் பக்கம் போவான் என்று எனக்குத் தெரியவில்லை.

காதர் பாய் விஷயம் வேறு. வெள்ளத்தில் ஊர் மூன்று நாள் துண்டித்துக் கிடந்தபோது அவர் கடைக் கதவைச் சாத்தவே இல்லை. யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத மனிதர். அதுதான் சிக்கல். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் விளையாட்டு மைதானம் போட்டுத்தருவதாகப் பையன்களிடம் சொல்லியிருக்கிறார். அதே மனையில் மகளிர் குழுவுக்குக் கட்டடம் கட்டித்தருவதாக எங்களிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரிடமும் மனசாரத்தான் சொல்லியிருப்பார். கையெழுத்து கேட்டு உருக்காலைக்காரர்கள் வந்தாலும், கையெழுத்து போடாதீர்கள் என்று கிழக்குத் தெருக்காரர்கள் வந்தாலும் அவர் வாயிலிருந்து வரப்போவது ஒரே வார்த்தைதான்.

எஸ்தரிடம் குறை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அவளுக்கு முன்கோபம். மகளிர் குழுவில் ஒரு கூட்டத்தில் வாக்குவாதம் முற்றி, நோட்டை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனவள், திரும்பி வர ஆறு மாதம் ஆயிற்று. யாரையும் சுலபத்தில் நம்பமாட்டாள், நம்பவேண்டியவர்களையும் சேர்த்து. தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பாதியைச் சொல்லாமல் விடுவாள். கோப்புகளோடு பழக்கம் இல்லை. முதல் ஆறு மாதம் அலுவலகங்களில் அவளை நிற்கவைத்தே வேடிக்கை பார்ப்பார்கள். அவள் சத்தம் போட்டு இன்னும் கெடுத்துக்கொள்வாள் என்று பயமாகவும் இருக்கிறது. ஆனால் மூன்று பேரில் அந்தக் கேள்வியை நான் கேட்பதற்கு முன்பே தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவளும் அவள்தான். என் கட்டம் போட்ட தாளில் இவை இரண்டுக்கும் இடமே இல்லை.

யாருக்குப் போடு என்று நான் சொல்லப்போவதில்லை. நான் யாருக்குப் போடுவேன் என்றும் சொல்லமாட்டேன். எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து ஊர் விரல்களுக்கு மை வைத்தவள் நான். அட்டை மறைப்புக்குப் பின்னால் ஒருவர் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை, பெற்ற மகனானாலும் பார்க்கமாட்டேன். நான் கேட்பதெல்லாம், உள்ளே போகும்போது என் மதிப்பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு யாரும் போகவேண்டாம் என்பதுதான்.

இனி சொல்லப்போவதை எழுதத்தான் இவ்வளவு நேரமாக எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தேன். இந்தக் கடிதம் வெளியே போனால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த மாதம் நிரந்தரம் செய்கிறவர்களின் பட்டியல் வருகிறது. உன் பெயரை அதில் சேர்க்கச் சொல்லவேண்டியவன் ராஜசேகர். மூன்று வருஷம் உலைக்குப் பக்கத்தில் நின்று, கையில் கொப்புளத்தோடு நீ வீட்டுக்கு வந்ததைப் பார்த்தவள் நான். இதில் உன் பெயரைப் போடவில்லை. ஆனால் இது யாருடைய மகனுக்கு எழுதியது என்று ஊரில் தெரியாதவர்கள் யார்? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ராஜசேகரைப் பற்றி எழுதிய தாளைத் தனியாக எடுத்து வைத்தும் பார்த்தேன். அப்புறம், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஊரார் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் அவர்களை அங்கே நிறுத்தினேனே, என் மகனுக்காக மட்டும் நான் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. இது சரியா என்று எனக்கு இன்னும் நிச்சயம் இல்லை. ராஜசேகர் இதற்காக உன்னைத் தள்ளிவைக்கமாட்டான் என்று நம்ப ஆசைப்படுகிறேன். அவனைப் பற்றி அந்த மேடையில் எனக்குத் தெரியாமல் போனதை இந்தக் கடிதம் தெரியவைக்கும். ஆனால் அந்தச் சோதனைக்கு உன்னை அல்லவா வைக்கிறேன்? அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செய்கிறேன்.

நாளைச் சாயங்காலத்தோடு பிரச்சாரம் முடிகிறது. அதனால் நாளைக் காலையிலேயே, என் மதிப்பெண் தாளுக்கு ஜெராக்ஸ் போட்ட அதே கடையில் இதையும் போட்டு எடுத்துக்கொண்டு, உங்கள் வேன் வந்து நிற்கிற நிழற்குடையில் நிற்பேன். மைதானத்தில் கை தட்டியவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். உனக்கான பிரதியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். அதை எடுக்க வருவதானால் இன்னொன்றையும் பார்ப்பாய்.

வாக்குக் கேட்டுப் போகிற பையன்களுக்கு ராஜசேகர் வாங்கிக்கொடுத்த வெள்ளைச் சட்டையைச் செவ்வாய்க்கிழமை பக்கெட்டில் ஊறப்போட்டபடியே விட்டுப் போய்விட்டாய். புதன்கிழமை சாயங்காலம் அதைப் பிழிந்து எடுத்துக்கொண்டு கிழக்குத் தெருக் குழாயடிக்குப் போனேன். செய்து பார்க்காமல் நம்பக்கூடாது அல்லவா? நல்ல சோப்பு போட்டுத்தான் துவைத்தேன். நேற்றும் துவைத்தேன், இன்று காலையும் துவைத்தேன். ‘இன்னும் ரெண்டு வாட்டி அலசினா டீ கலரு வந்துரும் டீச்சர், அப்புறம் டீத்தூளு மிச்சம்’ என்றாள் எஸ்தர். மூன்று துவைப்புக்கே காலரும் கைப்பட்டியும் பழுப்பேறிவிட்டன. இதை எழுதுகிற இடத்திலிருந்து பார்த்தால் கொடியில் அதன் பக்கத்தில் என் வெள்ளைப் புடவை தொங்குகிறது, நம் வீட்டுக் கிணற்றில் துவைத்தது. தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரிகிறது.

சட்டை காய்ந்துவிட்டது. நான் எடுத்து மடிக்கவில்லை. திங்கட்கிழமை வாக்குச்சாவடிக்கு எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவாய் என்று எனக்குத் தெரியாது. கேட்டைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருக்கிறேன்.

அம்மா